நொதி முடக்கமா, நொதித் தளைப்பா?

பாலில் இருக்கும் சர்க்கரையை உடைக்கும் நொதியை நானோ துகள்கள் மேல் பொருத்தி, அந்தத் துகள்களைப் பாலில் போட்டு வேலை வாங்கும் முறைக்கு ஆங்கிலப் பெயர் இம்மொபிலைசேஷன். தமிழில் இதை ‘நொதி முடக்கம்’ என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெருடும். முடக்கம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? முடக்குவாதம், வங்கிக் கணக்கு முடக்கம், 2020இல் எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்த பொதுமுடக்கம். எல்லாமே வேலை நின்றுபோன கதை. இந்த நொதியோ இடத்தைவிட்டு நகராதே தவிர வேலையை நிறுத்தாது.

சரி, கூட வரும் மற்ற சொற்களை முதலில் முடித்துவிடலாம். நொதிக்கு ஆங்கிலத்தில் ‘என்சைம்’, அது 1877இல் ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே, ‘சைமே’ என்றால் மாவைப் புளிக்கவைக்கும் புளிப்பு. நம்முடைய ‘நொதி’யும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது, மாவு புளித்துப் பொங்குவதும் கள் நுரைப்பதும் நொதித்தல்தானே. இலங்கைப் பாடநூல்களில் ‘நொதியம்’. இரண்டுமே நல்ல சொற்கள், மாற்ற எதுவும் இல்லை.

‘லாக்டோஸ்’ லத்தீனில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘ஓஸ்’ என்று முடிந்தால் சர்க்கரை, ‘ஏஸ்’ என்று முடிந்தால் நொதி. அதனால்தான் லாக்டோஸ், லாக்டேஸ் என்று ஒரே பத்தியில் நாலு முறை வந்தால் கண் தடுக்கி விழுகிறது. முன்னதைப் பாற்சர்க்கரை என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. 100 கிராம் பசும்பாலில் அது ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். லாக்டேஸ் அதை குளுக்கோஸ், காலக்டோஸ் என்று இரண்டாகப் பிளக்கிறது. (காலக்டோஸில் இருப்பது கிரேக்கப் பால், கேலக்ஸியிலும் அதே பால்தான், நாமும் பால்வெளி என்கிறோம்.) பிளந்த பால் சீனி போடாமலேயே கொஞ்சம் இனிக்கும், காப்பி போட்டால் உடனே தெரியும்.

‘நானோ’ கிரேக்கத்தில் குள்ளன். 1960இல் அலகுகளின் முன்னொட்டாக ஏற்கப்பட்டது, நூறு கோடியில் ஒரு பங்கு. ‘மீநுண்துகள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் நானோ துகள் என்றே எழுதுகிறேன், கார் பெயராகவே வந்துவிட்ட சொல்லை இனி எங்கே துரத்துவது? எதற்கு இவ்வளவு சின்னதாக வேண்டும் என்றால், ஒட்டுவதற்குப் பரப்பு வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டியின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர், சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேல்.

இதற்கு அதிகம் எடுப்பது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. துகளின் மேல் சிலேன் என்ற சிலிக்கன் சேர்மத்தால் பூச்சு கொடுத்து, நைட்ரஜன் உள்ள அமின் தொகுதிகளை நீட்டிக்கொண்டு நிற்கவைப்பார்கள், அப்புறம் இணைப்பானாகக் குளுட்டரால்டிஹைடு சேர்ப்பார்கள். இந்த மூலக்கூறுக்கு இரண்டு பக்கமும் கை, ஒரு கை துகளைப் பிடிக்கும், மறு கை நொதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கும். குப்பியில் உள்ள பாலில் அந்தக் கருப்புப் பொடியைக் கலந்தால் பால் சாம்பல் நிறமாகிவிடும். வேலை முடிந்ததும் குப்பியின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்தால் பொடி மெல்ல மெல்ல அந்தச் சுவரில் போய்க் கருப்புத் திட்டாக அப்பிக்கொள்ளும், பால் பழையபடி வெள்ளையாகும். பாலை வடித்துவிட்டு அதே பொடியில் அடுத்த பாலை ஊற்ற வேண்டியதுதான். கடையில் லாக்டோஸ் இல்லாத பால் என்று விற்பது பெரும்பாலும் இப்படி வருவதில்லை, லாக்டேஸைக் கரைசலாகப் பாலிலேயே கலந்துவிடுகிறார்கள், அது திரும்பி வராது. நானோ துகள் முறை பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது, துகள் ஒன்றுகூடப் பாலில் தங்கவில்லை என்று காட்டுவது லேசுப்பட்ட காரியமா?

பொருத்தும்போது சில நொதிகளின் வேலை செய்யும் முகம் துகளைப் பார்த்தபடி மாட்டிக்கொள்ளும், வாசலை அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டிய வீடு மாதிரி, பாற்சர்க்கரை உள்ளே நுழைய வழியிருக்காது. அந்த நொதிகளை வேண்டுமானால் முடங்கியவை என்று சொல்லலாம்.

ஆங்கிலச் சொல்லிலும் குறை இல்லாமல் இல்லை. லத்தீனில் ‘இம்மொபிலிஸ்’ என்றால் நகராதது, எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைப்பதற்கும் டாக்டர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். 1916இல் அமெரிக்காவில் நெல்சன், கிரிஃபின் என்ற இருவர் கரித்தூளில் ஒட்டிய இன்வர்டேஸ் நொதி அப்போதும் சர்க்கரையைப் பிளப்பதைக் கண்டார்கள். அந்த ‘அப்போதும்’ இம்மொபிலைசேஷனிலும் இல்லை, முடக்கத்திலும் இல்லை. நம் சிறுகுடலில் இருக்கும் லாக்டேஸும் செல் சவ்வில் வேரூன்றித்தான் இருக்கிறது. அதை முடங்கிய நொதி என்று யாராவது சொல்வோமா?

‘நிலைநிறுத்தல்’ பரவாயில்லை, ஆனால் சுருக்கி ‘நொதி நிறுத்தம்’ என்று எழுதினால் பஸ் ஸ்டாப் ஞாபகம் வரும். கட்டுத்தறியை வைத்து ஏதாவது செய்யலாமா என்று பார்த்தேன், தறித்தல் என்றால் வெட்டுதல், அது வேண்டாம். கடைசியில் பிடித்தது தளை, அதாவது கட்டு. பனையேறி இரண்டு காலிலும் தளைநாரைப் பூட்டிக்கொண்டுதான் மரத்தைப் பற்றி ஏறுகிறார். கால் கட்டப்பட்டிருக்கிறது, ஏற்றம் நடப்பதே அந்தக் கட்டினால்தான். ஆகவே செயலுக்கு நொதித் தளைப்பு, பொருளுக்குத் தளைத்த நொதி. ‘நானோ துகளில் தளைத்த லாக்டேஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கும் இடறவில்லை. ழகரம் போட்டுத் ‘தழைத்த’ என்று எழுதிவிடாதவரை சரி.

ஓரிடத்தில் மட்டும் இது இடிக்கும். 1970களில் இத்தாலியின் மிலான் பால் நிறுவனம் ஈஸ்ட்டின் லாக்டேஸைச் செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட் இழைகளின் நுண்துளைகளுக்குள் அடைத்துப் பாலைப் பிளந்தது. அங்கே எதுவும் எதையும் பிடித்துக் கட்டவில்லை, உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அதற்கு ‘நொதி அடைப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.