பெயி: அதற்கு நம்மிடம் இருக்கும் சொல் ‘நாடு’

பிரெஞ்சுக் கிராமங்களைப் பற்றி எதைப் படித்தாலும் ‘பெயி’ என்ற சொல் எதிரே வந்து நிற்கும். அகராதி ‘தேசம்’ என்று பொருள் சொல்லும். ஆனால் பிரான்ஸ் ஒரு பெயி என்றால், அதற்குள் தென்மேற்கில் இருக்கும் பெரிகோரும் ஒரு பெயிதான். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

இலத்தீனில் ‘பாகுஸ்’ என்றால் சில ஊர்களும் அவற்றின் வயல்களும் சேர்ந்த நிலப்பகுதி. எல்லைக்கல் ஊன்றுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. அதன் வழி வந்ததே பெயி. உழவரைக் குறிக்கும் ‘பெய்சான்’, நிலக்காட்சியைக் குறிக்கும் ‘பெய்சாழ்’ இரண்டும் பெயியின் பிள்ளைகள்.

பெரிகோரையே பாருங்கள். ரோமானியர் காலத்தில் பிரான்ஸ் மண்ணில் வாழ்ந்த ‘கால்’ (Gaul) மக்களில் ஒரு குழுவான பெத்ரோகோரியின் பெயர் அந்த மண்ணில் அப்படியே தங்கிவிட்டது. 1790இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பழைய மாகாணங்களைக் கலைத்து, அந்தப் பகுதிக்கு ஆற்றின் பெயரால் ‘தோர்தோஞ்’ என்று பெயரிட்டது. அரசுத் தாள்களில் இன்றும் தோர்தோஞ்தான். மக்கள் வாயில் பெரிகோர். அங்கே சார்லா என்ற நகரின் பக்கம் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், கல்பலகை வேய்ந்த செங்குத்தான கூரைகள். கருவாலி (ஓக்) மரத்தடியில் மண்ணுக்குள் விளையும் கறுப்பு ட்ரஃபிள் காளான், வால்நட் எண்ணெய், வெண்ணெய்க்குப் பதில் வாத்துக் கொழுப்பில் சமையல். இதெல்லாம் சேர்ந்ததுதான் பெயி. வரைபடத்துக் கோடு மட்டும் அல்ல.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வட்டாரம்’ என்கிறார்கள் பலர். இடத்தைக் காட்டும், உறவைக் காட்டாது. ‘மாவட்டம்’ ஆட்சியர் அலுவலகத்தின் சொல். என் தேர்வு ‘நாடு’. பாரியின் பறம்பு நாடு 300 ஊர்தான்! சோழர் கல்வெட்டுகளிலும் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு வேளாண் பகுதி. அதன் நிலக்கிழார்கள் ‘நாட்டார்’. செட்டிநாடு, கொங்குநாடு என்று இன்றும் சொல்கிறோம். பெயி போலவே இதற்கும் சிறு பகுதி, முழு தேசம் என்ற இரண்டு பொருளும் உண்டு.

இன்னொரு பொருத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் சந்தையில் ‘பெயி’ ரொட்டி, ‘பெயி’ பன்றித்தொடை என்று கேட்டு வாங்குவார்கள். நாம் நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்கிறோமே, அதே ‘நாட்டு’.

ஓரிடத்தில் மட்டும் ‘நாடு’ பொருந்தாது. பழைய பேச்சுவழக்கில் தன் ஊரில் பிறந்த ஆளையும் ‘பெயி’ என்பார்கள். அங்கே ‘நம்மூர்க்காரர்’ என்று எழுதிவிடலாம்.