சின்தசிஸ்: தொகுப்பா, சுற்றாக்கமா?

சி மொழியில் எழுதிய நிரலை எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய) சில்லுக்குள் ஒரு மின்சுற்றாகவே மாற்றிவிடும் வேலைக்கு ‘ஹை லெவல் சின்தசிஸ்’ என்று பெயர். தமிழில் ‘உயர்மட்டத் தொகுப்பு’ என்று போட்டுவிடலாம்தான், ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை.

சின்தசிஸ் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘சின்’ என்றால் சேர்த்து, ‘தெசிஸ்’ என்றால் வைத்தல். பள்ளியில் படித்த ஒளிச்சேர்க்கையில் வரும் ‘சேர்க்கை’ இதேதான். அப்படிப் பார்த்தால் தொகுப்பும் தப்பில்லை. ஆனால் நிரலைப் பிராசசருக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை ஏற்கெனவே பலர் ‘தொகுப்பான்’ என்று எழுதுகிறார்கள், இங்கேயும் தொகுப்பு என்றால் இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றிவிடும்.

எட்டு சோடி எண்களைப் பெருக்கி, விடைகளைக் கூட்டும் ஒரு ஃபார் லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதியை) எடுத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் அதைக் கட்டளைகளாக்கும். சின்ன பிராசசர் என்றால் தன்னிடமுள்ள ஒரே பெருக்கியை வைத்து எட்டு முறை சுற்றிவந்து முடிக்கும். சின்தசிஸ் கருவியிடம் லூப்பை விரிக்கச் சொன்னால் 8 பெருக்கிகளையே வைத்துவிடும், எட்டும் ஒரே நேரத்தில் ஓடும், அப்புறம் விடைகளைக் கூட்ட 4, 2, 1 என்று மூன்றடுக்குக் கூட்டிகள். சில்லில் இடம் போதாதா, ஒரே பெருக்கியைப் பங்குபோட்டுக்கொள்ளலாம், நேரம்தான் கூடும்.

சரி, எந்த நிரலும் இப்படி மாறுமா? மாறாது. மாலாக் (ஓடும்போதே நினைவிடம் கேட்பது), ஆழம் தெரியாத ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) எல்லாம் வந்தால் கருவி பொதுவாகக் கையை விரித்துவிடும், ஓடுகிற நேரத்தில் சிலிக்கன் வளராதே.

எஃப்பிஜிஏ (‘ஃபீல்ட் புரோகிராமபிள் கேட் அரே’) என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுதான். 1985-இல் சைலிங்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்சி2064 என்ற எஃப்பிஜிஏ-வில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. பெயரில் ‘கேட்’ இருந்தாலும் (தமிழ்நாட்டில் வாயில், இலங்கைப் பாடநூலில் படலை) கட்டத்துக்குள் தருக்கத்தைச் செய்வது, எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை என்று சொல்லும் குட்டி அட்டவணை. நான்கு உள்ளீடு என்றால் 16 பிட், அவற்றில் எதை எழுதுகிறோமோ அதுவே அந்தக் கட்டத்தின் தருக்கம். நம் ஃபார் லூப்பின் பெரும்பகுதி கடைசியில் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட அட்டவணைகளிலும் அவற்றை இணைக்கும் கம்பிகளிலும்தான். பெருக்கிகளுக்கு மட்டும் இன்றைய சில்லுகளில் தனிக் கட்டங்கள் உண்டு.

அதனால் என் ஓட்டு ‘சுற்றாக்கம்’. நிரலாக்கத்தோடு சோடி சேர்கிறது, ‘இந்த ஃபங்ஷனைச் சுற்றாக்கிப் பார்’ என்று வினையாகவும் வளைகிறது. வெரிலாக்கிலிருந்து (சுற்றுகளை விவரிக்கும் மொழி) போனால் வெறும் சுற்றாக்கம், சி-யிலிருந்து போனால் உயர்நிலைச் சுற்றாக்கம். லூப்பும் சுற்றுதானே என்று குழம்ப வேண்டாம், அதற்கு ‘மடக்கு’ இருக்கிறது.