பாண்டிப் புழுக்கத்தில் அல்ட்ரா மாரத்தான்: வியர்வை எப்போது வேலை செய்கிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். அதில் கிட்டத்தட்ட எல்லாமே கடைசியில் வெறும் சூடாகத்தான் முடிகிறது. ஒரு மணி நேரத்தில் அந்த தூரத்தை ஓடுகிறார் என்று வையுங்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், 37 டிகிரியில் இருக்கும் உடம்பு கால் மணி நேரத்திலேயே 40 டிகிரியைத் தொட்டுவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது வியர்வை. தோலின் மேலிருந்து ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் வியர்வை. கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் பாண்டிச்சேரியில்தான் உதைக்கிறது.

காரணம், அந்த ஒரு லிட்டரும் ஆவியாக வேண்டும். பனியனில் ஊறி, முழங்கையில் சொட்டி, பீச் ரோட்டுக் கல்லில் விழும் வியர்வை ஒரு கலோரியைக்கூட எடுத்துப் போவதில்லை. உப்பும் தண்ணீரும் போனதுதான் மிச்சம். மே மாதத்தில் வேலூரில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அதே பானை கடலூரில் வைத்தால் சுமாராகத்தான் குளிரும். பானைக்கும் ஓடுகிறவருக்கும் சிக்கல் ஒன்றுதான்: சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைய இருக்கிறது.

எவ்வளவு நிறைய? 35 டிகிரி சூட்டில் நனைந்திருக்கும் தோலை ஒட்டிய காற்றில் கன மீட்டருக்கு 40 கிராம் நீராவி இருக்கும். வெளிக்காற்றில் அதைவிட எவ்வளவு குறைவோ அதைப் பொறுத்துத்தான் வியர்வை ஆவியாகும் வேகம். 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்நாட்டு மதியத்தில் வெளிக்காற்றில் இருப்பது 13 கிராம்தான். கடற்கரையில் 35 டிகிரி, 55 சதவீதம் என்றால் 22 கிராம்.

இங்கேதான் மொபைலில் காட்டும் சதவீதம் ஆளை ஏமாற்றுகிறது. காலை ஐந்து மணிக்கு 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று பார்த்ததும் ‘இதில் எவன் ஓடுவான்’ என்று திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. 26 டிகிரியில் 90 சதவீதம் என்றாலும் கன மீட்டருக்கு அதே 22 கிராம்தான். சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும் என்பதால் மதியத்தில் சதவீதம் குறைந்து காட்டுகிறது, அவ்வளவே. அதிகாலையில் வியர்வை மதியத்தைவிட மோசமாக ஆவியாவதில்லை. மேற்கொண்டு, தோலைவிடக் காற்று 9 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் சூடு நேராகவும் வெளியேறுகிறது, வெயிலும் இல்லை. ஜனவரிக் காலையில் 21 டிகிரிக்கு அதே 90 சதவீதம் என்றால் பதினாறு பதினேழு கிராம்தான் வரும். ஆரோவில் மாரத்தானை பிப்ரவரியில் வைப்பதற்கும், அதே பாதையில் மே மாதம் ஓடினால் நாக்குத் தள்ளுவதற்கும் இந்த சில கிராம் வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

அதிகாலையின் குறை வேறொன்று. கோடையில் கடற்காற்று உள்ளே வர மதியம் ஆகிவிடும், விடிகாலையில் இலைகூட அசையாது. தோலை ஒட்டிய ஈரக்காற்றை விலக்கி விட ஆளில்லை. ஓடுகிறவர் தன் வேகத்தில் தனக்குத்தானே கொஞ்சம் காற்று உண்டாக்கிக்கொள்கிறார், அது மட்டும்தான். நடக்க ஆரம்பித்ததும் வியர்வை பொங்கிக் கொட்டுவதும் இதனால்தான். பூட்டிய அறையில் டிரெட்மில்லில் ஓடினால் அந்தச் சொந்தக் காற்றும் கிடைக்காது. ஃபேன் இல்லாமல் அதில் நீண்ட தூரம் ஓடுவது தேவையில்லாத தண்டனை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தோல் நெடுநேரம் நனைந்தே இருந்தால் வியர்வைக் குழாய்களின் வாய் ஊறி உப்பி, வியர்வை சுரப்பதே குறைந்துவிடும். துடைத்தால் ஓரளவு திரும்ப வரும். பாண்டியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் வரை இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் பையில் ஒரு துண்டும் மாற்று பனியனும் வைத்துக்கொள்வது ஆடம்பரம் இல்லை. ஆனால் சொட்டாத வியர்வையைத் துடைத்தால் நஷ்டம், அது ஆவியாகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

சரி, இந்தப் புழுக்கத்தில் தினமும் ஓடினால் உடம்புக்கு என்ன ஆகிறது? முதல் சில நாள் பரிதாபமாக இருக்கும். வழக்கமான வேகத்திலேயே இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூடுதலாக ஓடும். ரத்தம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது: தசைக்கு ஆக்சிஜன் கொடுக்க ஒரு பங்கு, சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோக ஒரு பங்கு. வியர்வையாகப் போகும் நீரில் ஒரு பகுதி ரத்தத்திலிருந்தும் குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு சுருங்குகிறது. அதை ஈடுகட்டத்தான் அந்த வேகம்.

நாலைந்து நாளில் மாற்றம் தொடங்கும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைப்பதால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடும். அதே ஓட்டத்துக்கு இதயத் துடிப்பு இறங்கும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும். வியர்வைச் சுரப்பியின் அடியில் உருவாகும்போது வியர்வை ரத்தத்தைப் போலவே உப்பாகத்தான் இருக்கிறது. மேலே ஏறி வரும் குழாயில் உடம்பு சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு இந்த வேலையை இன்னும் கறாராகச் செய்கிறது. அதனால்தான் பழகிய பிறகு கறுப்பு டிஷர்ட்டில் பூக்கும் வெள்ளை உப்புக் கோடு மங்கலாகிறது. எல்லாம் சேர்ந்து அமைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், ஆழத்தின் சூட்டில் தொழிலாளர்கள் சுருண்டு விழுந்ததால், சுரங்கத்தில் இறக்குமுன் சூடான ஈர அறையில் சில நாள் வேலை வாங்கிப் பழக்கினார்கள். இந்தத் துறையில் நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமானது அங்கிருந்து வந்தது.

‘நான் பொறந்ததே முதலியார்பேட்டை, எனக்கு எதுக்குப் பழக்கம்’ என்று கேட்கலாம். ஏசி ஆபீஸ், ஏசி கார், ஏசி படுக்கையறை என்று நாள் கழிந்தால் முகவரியால் பயன் அதிகமில்லை. உடம்பின் உட்சூடு ஏறி, நன்றாக வியர்த்து, ஒரு மணி நேரமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். அதுவும் தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது. புழுக்கத்தில் கூடுதலாக வரும் வியர்வையில் பெரும்பகுதி சொட்டித்தான் போகும் என்பதால், கடலோரத்தில் ஓடுகிறவருக்கு நிஜமான லாபம் பிளாஸ்மா கூடுவதும் இதயம் நிதானமாவதும்தான் என்பது என் எண்ணம்.

அல்ட்ராவில், அதாவது 42 கிலோமீட்டர் மாரத்தானைவிட நீளமான ஓட்டத்தில், ஒரு சலுகையும் உண்டு. சூடு உண்டாவது வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 7 கிலோமீட்டர் போகிறவர் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாகத்தான் சூடு உண்டாக்குகிறார். ஆகவே கோடையில் வாட்ச்சில் வேகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிறதா என்று பார்த்து ஓடுவதே சரி. பேச்சு திக்கினால் வேகம் அதிகம்.

தொல்லை வேகத்தில் இல்லை, மணிக்கணக்கில்தான். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கும், இரட்டிப்பாகவும் இருக்கும். பத்து மணி நேர ஓட்டத்தில் எட்டு லிட்டர் வியர்த்தால் 20 கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். இதை வெறும் தண்ணீரால் ஈடுகட்ட நினைப்பது ஆபத்து. தாகத்துக்கு மேல் தண்ணீராகக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயங்கியவர்களைப் பற்றி, தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் 1985இல் எழுதினார். அவர்கள் ஏழு மணி நேரத்துக்கு மேல் நீடித்த போட்டிகளில் கலந்துகொண்டவர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இரண்டு கிலோ குறைவது சகஜம், எடை ஏறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். உப்புப் போட்ட நீர்மோர் இந்த வேலைக்கு மேல். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் இன்னும் மேல்: குளுக்கோஸும் சோடியமும் குடல் சுவரை ஜோடியாகக் கடக்கும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது.

ஓடுகிறவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ, அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். தண்ணீர் புகட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் ஐஸ் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கிடைத்ததை உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

ஏற்ற இறக்கத்தில் ஓடிப் பழக மலை இல்லையே என்பவர்களுக்கு: கடலூரில் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது, பாண்டியில் கோரிமேடு இருக்கிறது, இரண்டும் தூரமென்றால் ரயில்வே மேம்பாலம். இறக்கத்தில்தான் தொடைத் தசை அடி வாங்கும், ஆனால் ஒருமுறை வாங்கியபின் அடுத்த சில வாரம் அதே இறக்கத்தில் வலி வெகுவாகக் குறையும். எனவே பந்தயத்துக்கு முன் சில இறக்க ஓட்டங்கள் போதும். போக்குவரத்து நெரிசலில் 50 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட வழியில்லை என்றால், சனிக்கிழமை 30, களைப்பு தீராத காலோடு ஞாயிற்றுக்கிழமை 20 என்று பிரித்துக்கொள்வதே பலருடைய வழக்கம்.

உடம்பு வெப்பத்துக்குப் பழகியது தங்குவதுமில்லை. சூட்டைவிட்டு விலகியிருந்தால் நாளுக்குச் சுமார் இரண்டரை சதவீதம் வீதம் கரையும். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் ஓய்வு என்று ஏசி அறையிலேயே கிடந்தால் சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தூரத்தைக் குறையுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். மாலை நாலரை மணிக்கு கடலூர் சில்வர் பீச் பக்கம் முக்கால் மணி நேர மெல்லோட்டம், வாரத்துக்கு மூன்று நாள் இருந்தால் சமாளித்துவிடலாம்.