மானிட்டர்: கண்காணிப்பாளரா, திரையா?

‘இரண்டாவது கண்காணிப்பாளர் கண்டறியப்படவில்லை. கேபிளைச் சரிபார்க்கவும்.’

கணினியில் வரும் ‘மானிட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். தேர்வறைக்கு வரவேண்டிய ஆசிரியர் வராததற்குக் கேபிளை எதற்குப் பார்ப்பது? தமிழில் மட்டும் படிப்பவருக்கு இப்படித்தான் தோன்றும். மாவட்டத்துக்கு ஒரு காவல் கண்காணிப்பாளர் இருக்கும் ஊரில் ‘இரட்டைக் கண்காணிப்பாளர் அமைப்பு’ என்று எழுதினால், அது மேசைமேல் வைக்கும் பொருள் என்று யாருக்கு விளங்கும்? ‘ஆளர்’ உறுத்துகிறதே என்று சிலர் ‘கண்காணிப்பான்’ என்று மாற்றிக்கொண்டார்கள். விகுதி மாறியதே தவிர, தவறு அப்படியே இருக்கிறது.

சொல்லின் வரலாறு சின்னதுதான். லத்தீனில் ‘மோனேரே’ என்றால் நினைவூட்டுவது, எச்சரிப்பது. அதைச் செய்பவர் மானிட்டர். வகுப்பில் சட்டாம்பிள்ளைக்கு அந்தப் பெயர். உடும்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். தொலைக்காட்சி நிலையத்தில் படம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வைத்திருந்த திரையை மானிட்டர் என்றார்கள்; அங்கிருந்து கணினிக்கு வந்தது. அங்கேயும் கண்காணித்தது பொறியாளர்தான், திரை இல்லை.

‘வினையாக வந்தால் கண்காணி என்பது சரிதானே’ என்று கேட்கலாம். சரிதான், சிக்கலே அங்கேதான். கிராபிக்ஸ் அட்டையின் (திரைக்குப் படம் தரும் அட்டை) சூட்டையும் பிராசசரின் சுமையையும் அளந்து காட்டும் மென்பொருளுக்குக் கண்காணிப்பான் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே சொல்லைத் திரைக்கும் கொடுத்தால், ‘கண்காணிப்பான் அணைந்து அணைந்து எரிந்தால் கண்காணிப்பானில் வெப்பத்தைப் பாருங்கள்’ என்று எழுத நேரும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் தமிழிலும் ஒரே சொல்தான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, எழுதிய வரியைத் திரும்ப ஒருமுறை படிக்காமல் அனுப்புகிறவர்களால் வருவது இது.

‘திரையகம்’ என்றும் ஒரு சொல் உலவுகிறது. கேட்டவுடன் டிக்கெட் எடுக்கத்தான் தோன்றுகிறது. ‘திரை என்பது ஸ்கிரீன், மானிட்டர் என்பது முழுக் கருவி, இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்’ என்பது அதை எழுதுகிறவர்கள் வாதம். பின்பக்கம் ஒரு முழம் நீண்ட பழைய படக்குழாய்ப் பெட்டிக் காலத்தில் அதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்று கருவியே திரைதான். கண்ணாடி உடைந்தால் பேனல் போய்விட்டது என்கிறோம், குழப்பம் இல்லை. மடிக்கணினியோடு வருவது அதன் திரை, கேபிளில் மாட்டுவது வெளித்திரை, பலவற்றை வைத்தால் பல்திரை. மானிட்டர் என்றே எழுதினாலும் குறையில்லை. கண்காணிப்பாளரைவிட அது நல்ல தமிழ்.

எழுதிப் பார்த்தால் தெரியும். வெளித்திரையில் படம் வரவில்லையா? தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டின் (கணினியின் தாய்ப்பலகை) எச்டிஎம்ஐ போர்ட்டில் (படமும் ஒலியும் போகும் கேபிளுக்கான துளை) சொருகியிருந்தால் பெரும்பாலும் வராது. அட்டையில் உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள். திரையின் மெனுவில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். டிஸ்பிளேபோர்ட் என்பது இன்னொரு வகை இணைப்பு. டிஸ்பிளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிள் பொதுவாக ஒரு திசையில்தான் ஓடும்: டிஸ்பிளேபோர்ட் முனை கணினிப் பக்கம் இருக்க வேண்டும். 4கே திரையில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் அது 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 முறை படம் மாறும் வேகம்) ஓடுகிறதா என்று பாருங்கள்; எச்டிஎம்ஐ 1.4 பதிப்பு அதற்குமேல் தராது, 60 வேண்டுமானால் 2.0 பதிப்பு வேண்டும். இத்தனை வரியில் திரை என்ற சொல் எங்காவது தடுக்கியதா?

அடுத்த தலைவலி விண்டோஸ் விசையோடு பி-யை (ஓ-வுக்கு அடுத்து வரும் பி) அழுத்தினால், எந்தத் திரையில் எதைக் காட்டுவது என்று கேட்டு வரும் பட்டியல். அதிலுள்ள டூப்ளிகேட்டை ‘போலி’ என்று பெயர்த்தவர்களும் உண்டு, ஏதோ கள்ளநோட்டு போல. ‘இரண்டிலும் ஒன்றே’ என்றால் போதும். எக்ஸ்டெண்டுக்கு ‘விரிவாக்கு’ என்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவதற்கும் அதையேதான் போடுகிறார்கள். ‘நீட்டு’ என்பதே பொருத்தம்: மேசைத்தளம் பக்கத்துத் திரைக்கு நீள்கிறது, மவுஸ் ஓரத்தைத் தாண்டிப் போகிறது. எந்த ஓரம் என்பது அமைப்புகளில் 1, 2 என்ற கட்டங்களை எப்படி இழுத்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இடப்பக்கத் திரைக்குப் போக மவுஸை வலப்பக்கம் தள்ள வேண்டியிருந்தால் கட்டங்கள் இடம் மாறியிருக்கின்றன. ‘இரண்டிலும் ஒன்றே’ போட்டபின் ஒரு திரை மங்கினால், இரண்டுக்கும் பொதுவான தெளிவுத்திறனுக்கு அது இறங்கியிருக்கும்.

ஆங்கிலத்து ‘டெய்சி செயின்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘டெய்சி சங்கிலி’யையும் விட்டுவிடலாம். திரையிலிருந்து திரைக்குக் கேபிள் போகும் அந்த இணைப்புக்குச் ‘சரம்’ என்று பூக்கடையிலேயே சொல் இருக்கிறது. சரமாக இணைக்க, கடைசித் திரை தவிர மற்றவற்றில் டிஸ்பிளேபோர்ட் வெளியீடு இருக்க வேண்டும், அவற்றின் மெனுவில் எம்எஸ்டி (ஒரே கேபிளில் பல திரைகளுக்குத் தனித்தனிப் படம் அனுப்பும் வசதி) இயங்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட் 1.2இல் 1920×1080 அளவுள்ள 60 ஹெர்ட்ஸ் திரைகள் நான்குவரை தாங்கும். ஆப்பிளின் மேக் கணினியில் இந்த எம்எஸ்டி சரம் நீளாது. அந்தச் சரத்தில் உள்ள எல்லாத் திரையிலும் ஒரே படம்தான் வரும்.