மதியத்தில் வெளுக்கும் ஆலிவ் மரம்: வால்வைத் திறக்கும் முன்

கோடையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் உச்சி வெயில் நேரத்தில்தான் வரும். மரம் வெளுத்துப் போய்விட்டது, இலையெல்லாம் சுருண்டு நிமிர்ந்து நிற்கிறது, உடனே தண்ணீர் விடட்டுமா என்பதுதான் கேள்வி. ஆலிவ் தோப்புகளுக்குப் பாசன ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தக் கேள்விக்கு நான் அதிகமாகச் சொல்லும் பதில்: இப்போது வேண்டாம், நாளை பொழுது விடிவதற்குள் போய் அதே மரத்தைப் பாருங்கள்.

அந்த வெளுப்பு ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். ஓர் இலையைக் கிள்ளி எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் கரும்பச்சை, தடித்த மெழுகுத் தோல், நீர் கசிய வழியே இல்லை. அடிப்பக்கம் வெள்ளி நிறம். உருப்பெருக்கியை வைத்தால் அந்த வெள்ளி, நெருக்கி அடுக்கிய பொடிச் செதில்களாகத் தெரியும். ஒவ்வொன்றும் குட்டைக் காம்பில் விரித்து வைத்த குடை மாதிரி. பக்கத்துக் குடையின் விளிம்பின் மேல் இதன் விளிம்பு படிந்திருக்கும். இலைத்துளைகள் அத்தனையும் இந்தக் குடைகளுக்கு அடியில்தான். மேல்பக்கத்தில் பெயருக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் வறண்ட காற்று துளையை நேரடியாகத் தொட முடியாது; இடையில் கொஞ்சம் ஈரக்காற்று தங்கி நிற்கும். புற ஊதாக் கதிர்களையும் இந்தச் செதில்கள் வாங்கிக்கொள்கின்றன.

துளைகள் நாள் முழுக்க ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை. காலையில், காற்று இன்னும் ஈரமாக இருக்கும்போது நன்றாகத் திறந்து அன்றைய ஒளிச்சேர்க்கையில் பெரும் பங்கை மரம் முடித்துவிடுகிறது. வெயில் ஏறி, காற்று உலர உலர, துளைகள் மெல்ல மூடிக்கொள்ளும். மண்ணில் ஈரம் இருந்தாலும் மூடும் என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். நீராவிப்போக்கு குறைந்தால் இலை சூடாகத்தானே வேண்டும்? சூடாகும். ஆனால் ஆலிவ் இலை குறுகலானது, லேசான காற்றுக்கே சூட்டை விட்டுவிடும். போதாததற்கு இலை விளிம்புகளைச் சுருட்டி, நெட்டுக்குத்தாக நிமிர்ந்து, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும். நீங்கள் மதியம் பார்த்துப் பயந்த வெளுப்பு அதுதான்.

மண்ணே வறளத் தொடங்கும்போது ஆட்டம் வேறு. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, துளைகளை இன்னும் இறுக்கும். இலையும் வேரும் மானிட்டால், குளுக்கோஸ், பொட்டாசியம் போன்றவற்றைச் செல்களுக்குள் சேர்த்துச் சாற்றின் அடர்த்தியைக் கூட்டும். சாறு அடர்த்தியானால் இழுவை கூடும். மண் தன் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இறுக்கம் 15 பாரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் கைவிட்டுவிடும்; ஆலிவ் ஏறக்குறைய 25 பார் வரை இழுத்துப் பார்க்கும். கடும் வறட்சியில் இலைக்குள் இழுவிசை 70 பாரைத் தொட்ட பிறகும் பிழைத்த மரங்கள் உண்டு. ஆனால் இழுவிசை கூடக் கூட நீர்க்குழாய்களில் காற்று புகுந்து அடைக்கும். அதுவும் கிளையை விட இலையிலும் சன்ன வேரிலும்தான் முதலில் நடக்கிறது. இலை போனால் போகட்டும், கிளை நிற்கட்டும் என்கிற ஏற்பாடு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் தண்ணீரே வேண்டாம் என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். மரம் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. துளை மூடியிருக்கும் நேரமெல்லாம் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. 2022-23 பருவத்தில் ஸ்பெயினின் எண்ணெய் உற்பத்தி முந்தைய பருவத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது; வெயிலிலும் வறட்சியிலும் மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன, விளைச்சல்தான் போனது. பூப்பதிலிருந்து காய் பிடிக்கும் வரையிலும், பிறகு காயில் எண்ணெய் சேரும் காலத்திலும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. நடுவில் கொட்டை இறுகும் வாரங்களில் குறைத்தால் மரம் ஓரளவு தாங்கும். சிக்கனம் செய்வதானால் நான் அங்கேதான் செய்யச் சொல்வேன். அப்போதும் புதுத் தளிர் அறவே நின்றுவிடாமல் பார்க்க வேண்டும்; அடுத்த ஆண்டுக் காய் இந்த ஆண்டுத் தளிரில்தான் வரும்.

சரி, எப்படித்தான் முடிவு செய்வது? கண்ணை நம்புவதானால் விடியலில் பாருங்கள். இரவு முழுக்க நேரம் கிடைத்தும் இலை விரியாமல் சுருண்டே இருந்தால் அது உண்மையான தாகம். கருவி இருந்தால் இன்னும் நல்லது. இந்த இழுவிசையை அளக்க, 1965-இல் உடலியல் ஆய்வாளர் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் பரவலாக்கிய அழுத்தக் கலத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அடிமரத்தை ஒட்டி, நிழலில் உள்ள ஓர் இலையை அலுமினியத் தாள் பையில் மூடி, ஒரு மணி நேரமாவது விட்டுவிடுவேன். மதியம் அதை வெட்டி, காம்பின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கலத்தில் பொருத்தி, நைட்ரஜனை மெதுவாக ஏற்ற வேண்டும். வெட்டு முகம் நனைந்து பளபளக்கும் அந்த நொடியில் அளவுமானி காட்டுவதுதான் மரத்தின் இழுவிசை. 10 முதல் 15 பார் என்றால் கவலையில்லை. 35-ஐத் தாண்டினால் யோசிக்காமல் தண்ணீர் விடுங்கள்.

விட்ட பிறகு பொறுமை வேண்டும். இலையில் நீர் சில நாட்களில் ஏறிவிடும்; துளைகள் பழையபடி திறக்க அதைவிட அதிக நாள் எடுக்கும். இந்த இடைவெளியில் மரம் தேறவில்லை என்று நினைத்துத் தண்ணீரை இரட்டிப்பாக்குபவர்களைப் பார்க்கிறேன். ஆலிவ் வேருக்குக் காற்று வேண்டும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும், அப்போதும் மேலே இலைதான் வாடிக் காட்டும்.

இன்னொன்றையும் தாகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோப்பு முழுக்க ஒரே சீராக வெளுக்காமல், ஒரு மரத்தின் ஒரு கிளை மட்டும் வாடி, காய்ந்த இலைகள் உதிராமல் தொங்கினால் அது வெர்ட்டிசிலியம் பூஞ்சையாக இருக்கலாம். நீர்க்குழாயை அடைக்கும் நோய், ஈரம் கூடினால் இன்னும் பரவும். இலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தால், 2013-இல் இத்தாலியின் அபூலியாவில் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியாவையும் நினைவில் வையுங்கள். அதுவும் அடைப்பது அதே குழாய்களைத்தான். இரண்டில் எதுவானாலும் எவ்வளவு நீர் விட்டாலும் அந்த இலைக்குப் போய்ச் சேராது. வால்வைத் தொடாமல், வாடிய கிளையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்த மரத்தில் பயன்படுத்திய கத்தரியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தைத் தொடாதீர்கள்.