வலி நின்றது, கல் எங்கே?

ஒரு சித்திரை மாதம், விடிகாலை மூன்று மணி. லாரி ஓட்டுநர் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இடது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபடியே இருந்தார். இரண்டு முறை வாந்தி வேறு. கல்லடைப்பு என்பது வாசலிலேயே ஓரளவு தெரிந்துவிடும்: குடல்வால் வீங்கியவர் அசையாமல் கிடப்பார், கல் சிக்கியவர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் வலி அடங்கியது. ஸ்கேனில் 7 மி.மீ. கல், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நடுவில். மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் கட்டாயம் வரச் சொன்னேன்.

வரவில்லை. பதினான்கு மாதம் கழித்து, வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து அனுப்பி வைத்தார்கள். கல் அங்கேயேதான் இருந்தது. அதற்கு மேலே இருந்த சிறுநீரகம் நீர் கோத்து, சதை மெலிந்து, வெறும் பை மாதிரி ஆகியிருந்தது. "மறுநாளே வலி போயிடுச்சே சார், கல்லும் போயிருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

அவர் மட்டும் அல்ல, பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கல் குத்துவதால் வலிக்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பங்கு வலி, அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி உள்ளே அழுத்தம் ஏறுவதால் வருவது. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்குகிறது, வலியும் நின்றுவிடுகிறது. கல் வெளியே வந்தாலும் வலி நிற்கும், சிறுநீரகம் ஓய்ந்துபோனாலும் நிற்கும். இரண்டில் எது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். குழாயில் இருக்கும் கல் சாதாரண அல்ட்ராசவுண்டில் சில நேரம் தப்பிவிடும் என்பதால் சந்தேகம் இருந்தால் சி.டி. எடுக்கச் சொல்வோம்.

5 மி.மீ.க்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அதற்கு மேல் போகப் போக வாய்ப்பு குறையும். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை மருத்துவர் கண்காணிப்பில் பொறுத்துப் பார்க்கலாம், அதைத் தாண்டி விடக்கூடாது. வலியோடு குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே போகவில்லை என்றாலோ, ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவர் என்றாலோ பொறுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. அடைபட்ட இடத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வைப்பார்கள். அதனால் கல் தள்ளப்படுவதில்லை, வாந்திதான் கூடும். பீர் குடித்தால் கல் கரையும் என்பது நண்பர்கள் கண்டுபிடித்த வைத்தியம். வாழைத்தண்டைப் பற்றி என்னிடம் கேட்காத நோயாளி இல்லை. கூட்டோ பொரியலோ செய்து தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்குப் பிடித்த பதார்த்தமும்கூட. ஆனால் குழாயில் மாட்டிய கால்சியம் கல்லை அது கரைக்காது. அதை நம்பி மாதக்கணக்கில் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் என் பயம்.

சரி, கல் போய்விட்டது. அப்புறம்? ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மறுபடியும் வருகிறது. இதைத் தடுப்பதில் தண்ணீருக்கு இணை வேறில்லை. இத்தாலியில் முதல் கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 1996இல் வெளியானது. நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 100க்கு 12 பேருக்கும், வழக்கம்போல் குடித்தவர்களில் 27 பேருக்கும் திரும்பக் கல் வந்தது. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதுதான் கணக்கு. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். நம் ஊர் வெயிலில், வியர்வையில் போவது போக, அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். ஒரே ஒரு நாள் வீட்டில் இருக்கும்போது சிறுநீரை அளந்து பாருங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதடைந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

பலர் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஆசிரியைகளும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களும், பந்தோபஸ்துக்குப் போகும் காவலர்களும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "போறதுக்கு இடம் இல்லை டாக்டர்." இதற்கு நான் மருந்துச் சீட்டில் என்ன எழுத முடியும்?

சாப்பாட்டில் தக்காளியைத்தான் முதலில் தூக்கிலேற்றுகிறார்கள். பாவம், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதில் குறைவு. பாலக், தண்டுக்கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம், பால் சேர்க்காத டீ இவற்றில்தான் அதிகம். அடுத்து, "கால்சியம் கல்" என்று அறிக்கையில் பார்த்ததும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். இது தலைகீழ். உணவோடு சேரும் கால்சியம், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும். கீரையும் தயிரும் ஒன்றாக ஆகாது என்பார்கள் பெரியவர்கள். கல் வந்தவர்களுக்கு நான் சொல்வது, கீரை சாப்பிட்ட கையோடு மோர்ச் சாதமும் சாப்பிடுங்கள் என்று. உண்மையான வில்லன் உப்பு. உடம்பில் சேரும் உப்பு, கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் என நம் உப்பு பல வாசல் வழியாக வருகிறது. எலுமிச்சைச் சாறு நல்லது, அதில் உள்ள சிட்ரேட் கல் கூடுவதைத் தடுக்கும். அதிலும் உப்புப் போடாதீர்கள்.

கல் தானாக வெளியேறினால் தூக்கி எறிய வேண்டாம். டீ வடிகட்டியில் பிடித்து, சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். யூரிக் அமிலக் கல் என்றால் மருந்திலேயே கரைக்கலாம். கிருமித் தொற்றால் வந்த கல்லுக்கு அதே மருந்து கொடுத்தால் இன்னும் வளரும். பக்கத்து வீட்டுக்காரரின் சிரப்பை வாங்கிக் குடிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

இன்னொன்று, ஸ்டென்ட். லேசரால் கல்லை உடைத்த பிறகு சிறுநீர்க்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய் வைப்போம். சில வாரத்தில் எடுத்துவிட வேண்டும். வலி இல்லை என்று மறந்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குழாய் மேலேயே கல் படிந்து வருபவர்கள் உண்டு. வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

ஓட்டுநருக்குக் கல்லை எடுத்தோம், ஸ்டென்டையும் நாள் தவறாமல் எடுத்தோம். இடது சிறுநீரகம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மொத்த வேலையில் 12 சதவீதம்தான் செய்கிறது. இப்போது அவர் சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது. எந்தச் சுங்கச்சாவடியில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஸ்கேன் தை மாதம்.