இ.எஸ்.ஐ. மெடிக்கல் லீவு: வேலைக்குத் திரும்பவும் சான்று வேண்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி மாதம் மஞ்சள் காமாலை. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) மருந்தகத்துக்குப் போகிறார். டாக்டர் பார்த்துவிட்டு மருந்தோடு, லீவுக்கான முதல் சான்றும் எழுதித் தருகிறார். பத்து நாளில் கண்ணில் மஞ்சள் வடிந்துவிடுகிறது. வீட்டில் இருந்தால் கூலி போகுமே என்று, மருந்தகத்துப் பக்கம் மறுபடி போகாமல் நேராக மிஷினில் உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு வரவேண்டிய பணம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள் என்றால், நோயில் படுத்த நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை நோய் வந்தால் முந்தைய ஏப்ரல்–செப்டம்பர் கணக்கைப் பார்ப்பார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் அக்டோபர்–மார்ச் கணக்கு.

நம் தையல்காரருக்கு நாள் கூலி 500 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 350. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பத்து நாள் படுத்தால் எட்டு நாளுக்கு 2,800 ரூபாய். வாடகை கொடுக்கிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

சரி, சான்றுக்கு வருவோம். முதல் சான்று, இடைச் சான்று, இறுதிச் சான்று என்று வரிசையாக வாங்க வேண்டும். நோய் நீடித்தால் ஏழு நாளைக்குள் ஒருமுறை இடைச் சான்று. எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம் என்பதை எழுதுவது இறுதிச் சான்று. பேச்சு வழக்கில் ‘ஃபிட்’ என்பார்கள். நம் தையல்காரர் வாங்காமல் விட்டது இதையும்தான். தேதிகளுக்கு நடுவில் ஓட்டை விழக்கூடாது. முந்தைய சான்று வெள்ளிக்கிழமையோடு முடிந்து, அடுத்ததை செவ்வாயிலிருந்து எழுதினால், நடுவில் உள்ள மூன்று நாளும் கணக்கில் வராது. அதனால் டாக்டர் கையெழுத்துப் போட்டதும் அங்கேயே நின்று தேதியைப் படித்துப் பாருங்கள். சான்றுகளை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

தனியார் டாக்டரிடம் காட்டியிருந்தால்? அந்தச் சான்றை மாற்று ஆதாரமாக ஏற்க வழி இருக்கிறது, ஆனால் ஏற்பது இ.எஸ்.ஐ. கழகத்தின் முடிவு. முடிந்தவரை முதல் நாளே மருந்தகத்துக்குப் போய்விடுவது நல்லது.

லீவில் இருக்கும்போது வேறு இடத்தில் கூலிக்குப் போகக்கூடாது. டாக்டரிடம் கேட்காமல் ஊரை விட்டும் போகக்கூடாது. கம்பெனி சம்பளத்தோடு லீவு தந்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணமும் சேர்த்து வாங்க முடியாது. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்குத் தனிச் சலுகை உண்டு: 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலை வேண்டும்.

உடம்பு தேறாமல் மேஸ்திரி கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள். தேறியதா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். அப்புறம், இறுதிச் சான்றின் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். வேலைக்குத் திரும்பி 15 நாளுக்குள் மறுபடி படுத்துவிட்டால், முதல் இரண்டு நாளைக் கழிக்காமல் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. அந்த 15 நாளை எண்ண அந்தத் தேதிதான் வேண்டும்.